வாசல்வரை பன்னிரண்டடி அகலம்

வெஸ்லின், தெற்கு டகோட்டா
1978 ஏப்ரல் 10

அன்புள்ள எமில் அண்ணனுக்கு,

ஆல்வினா எழுதுகிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? புரை இன்னும் கொஞ்சம் முற்றட்டும், அப்புறம் அறுக்கலாம் என்று டாக்டர் சொன்னாராமே. ஓபல் அண்ணிக்கு முழங்கால் தேவலையா? போனில் பேசினால் உனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழுவதில்லை. நான் போடுகிற கூச்சல் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குத்தான் கேட்கிறது. அதனால் கடிதம்.

போன மாதம் லெஸ்டருக்கு நெஞ்சுவலி வந்ததை எழுதியிருந்தேன். முழுதாக எழுதவில்லை. பனி உருகி நம் வீட்டு மண்பாதை சேறாகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் திருப்பத்தில் அச்சுவரை புதைந்துவிட்டது. டெல்மரை உனக்கு நினைவிருக்கும், ஊர்த் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். சங்கு ஊதினால் கிடங்கைப் பூட்டிவிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் அவன்தான். அவனும் இன்னும் மூன்று பேரும் இவரைத் தோளில் சுமந்துகொண்டு ரோடுவரை போனார்கள். நான் பின்னாலேயே ஒற்றைச் செருப்போடு ஓடினேன். பிழைத்துக்கொண்டார். இன்னொரு முறை வந்தால் இவ்வளவு நேரம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ரோட்டிலிருந்து சமையலறை வாசல்வரை கான்கிரீட் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வாசலுக்கே வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். காலமெல்லாம் கான்கிரீட் போட்டவன் நீ, எவ்வளவு அகலம், எப்படிப் போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும். இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "உயிரோட இருக்கும்போதே எனக்குக் கல்லறைக் கல்லு போடுறியாடி?"

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை,
ஆல்வினா


டூசான், அரிசோனா
ஏப்ரல் 24

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஓபல் இரண்டு முறை உரக்கப் படித்தாள். கண்ணுக்கு ஒன்றும் அவசரமில்லை. முழங்காலும் அவளும் சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

சேற்றில் ஒற்றைச் செருப்போடு ஓடியதை இப்போதுதான் எழுதுகிறாய். நல்ல ஆள் நீ. சரி, வேலைக்கு வருவோம்.

கார் ஒன்றுக்கு என்றால் ஒன்பதடி போதும். இது ஆம்புலன்ஸ். கதவு திறக்க வேண்டும், ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நடக்க வேண்டும். பன்னிரண்டடி வை. ஓரங்குலமும் குறைக்காதே. வந்த வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து போகக் கூடாது, வாசல் பக்கத்தில் திரும்ப இடம் வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தத் திருப்பத்தில் என்ன நிற்கிறது, எல்லாம் படம் போட்டு அனுப்பு. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நீ பள்ளிக்கூடத்தில் வரைந்த மாடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல், கல்லறைக் கல் நான்கங்குலம்தான் இருக்கும். இது ஆறங்குலம். அவருக்கு அவ்வளவு மரியாதை கட்டாது.

எமில்


வெஸ்லின்
ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். உங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள், வெளியே போகாதே.

படம் இதோடு இருக்கிறது. மாடு மாதிரி தெரிகிற இடம்தான் வீடு.

திருப்பத்தில் நிற்பது ஆப்பிள் மரம். அதைச் சுற்றி வளைத்துப் போடலாம் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்துப் புல்மேல் வளைத்து வளைத்துப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு போட்டார். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். ஐயோ, அவ்வளவு இல்ல. உனக்குக் கண்ணு உங்க அண்ணன் கண்ணு மாதிரியே ஆயிடுச்சா?" ஒரு வாரம் அந்தக் குழாய் புல்லிலேயே கிடந்து, அடியில் புல் மஞ்சளாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டெல்மர் நிஜ ஆம்புலன்ஸையே கொண்டுவந்தான். "அக்கா, குழாய்க்குள்ளயே ஓட்டிக் காட்டுறேன் பாருங்க" என்றான். வளைவில் பின்சக்கரம் என் உருளைக்கிழங்குப் பாத்திக்குள் போய்விட்டது. இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "அண்ணே, நேராப் போட்டாத்தான் என்னால வேகமா வர முடியும்" என்று இவரிடம் சொன்னான்.

இவர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஆப்பிள் கடையில கிடைக்கும், வெட்டிடு" என்றார். மறுநாளே வெட்டியாயிற்று. எனக்குத்தான் மனசு சரியில்லை. ஆனாலும் நேர்ப்பாதை என்றதும் நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

ஆல்வினா


டூசான்
ஜூலை 3

தங்கச்சி,

சுகம்தானே? இங்கே கோழி முட்டையை வெளியில் வைத்தால் வெந்துவிடும்.

படம் கிடைத்தது. நேர்ப்பாதைதான் சரி. டெல்மர் புத்திசாலி. வாசல் பக்கத்தில் திரும்புவதற்கு ஒரு கை நீட்டின மாதிரி தனியாகச் சதுரம் போடு, இருபதடிக்கு இருபதடி. வண்டி நேராக வரும், பின்பக்கத்தை அந்தச் சதுரத்துக்குள் விடும், மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

பழைய மண்ணை ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டி, திமிசு போட்டு நன்றாக இறுக்கு. வீட்டுப் பக்கமிருந்து ரோட்டுப் பக்கம் வாட்டம் இருக்கட்டும். வாட்டம் தப்பினால் தண்ணீர் உன் சமையலறைக்குத்தான் விருந்துக்கு வரும். பத்தடிக்கு ஒரு இடத்தில் கோடு கீறிவிடு, விரிசல் விழுந்தால் அந்தக் கோட்டோடு போகட்டும்.

முக்கியமானது இனிமேல்தான். ஊற்றி முடித்ததும் வைக்கோல் பரப்பி, நனைத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு மூடு. ஒரு வாரத்துக்கு அதன்மேல் சக்கரமும் ஏறக் கூடாது, காலும் படக் கூடாது. ஆளுநரே வந்தாலும் ரோட்டில் இறங்கி ஓரமாக நடந்து வரட்டும். எவனாவது ஏறினான் என்று கேள்விப்பட்டேன், அங்கே வந்து உட்கார்ந்து உங்கள் உயிரை வாங்கிவிடுவேன்.

ஆயிரம் பேர் வீட்டுக்குப் போட்டிருக்கிறேன். இது என் தங்கை வீடு.

எமில்


வெஸ்லின்
ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? தள்ளிக்கொண்டே போகாதே.

செப்டம்பர் ஒன்பது, சனிக்கிழமை, கலவை லாரி வருகிறது. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் டெல்மர் கோபித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஆட்கள் அத்தனை பேரும் பலகையும் மண்வெட்டியுமாக வருகிறார்கள். "நாங்க ஓட்டப்போற ரோடு, நாங்களே போட்டுக்கிறோம்" என்கிறான். அவர்கள் மனைவிமார் ரொட்டியும் பன்றிக்கறியும் கொண்டுவருகிறார்கள். பிளம் பழம் வைத்த கூக்கன் கேக் பன்னிரண்டு தட்டு நான் சுடுகிறேன்.

உன் கடிதத்தை இவர் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் வேதம் மாதிரி வாசித்துக் காட்டுகிறார். ஆளுநரைப் பற்றி நீ எழுதின அந்த வரியை ஒரு பலகையில் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்தாயிற்று, கயிற்றில் தொங்கவிடுவாராம். உடம்பு பரவாயில்லை. படி ஏறினால் பாதியில் நின்று, ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்கிறார். நானும் நம்பின மாதிரி இருந்துகொள்கிறேன்.

அண்ணிக்கு முத்தங்கள்.

ஆல்வினா


டூசான்
செப்டம்பர் 27

என் தங்கச்சி,

பாஸ்டர் போன் செய்து ஓபலிடம் சொன்னார். அவள் ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். 'லெஸ்டர், செவ்வாய், பத்தொன்பதாம் தேதி.' நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண் சரியில்லை, தப்பாகப் படிக்கிறேன் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

வர முடியவில்லையே. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் வலது கண்ணை அறுத்தார்கள். குனியக் கூடாது, தும்மக் கூடாது, பயணம் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். இதை ஓபல்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல.

மாப்பிள்ளையை இதுவரை நேரில் பாராட்டிப் பேசினதே இல்லை. அவர் என்னைக் கிண்டல் செய்வார், நான் அவரைக் கிண்டல் செய்வேன், அதோடு சரி. இனி யாரைச் செய்வேன்?

எனக்கு ஒரே ஓர் ஆறுதல். பாதை போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்திருக்கும். சேற்றில் புதையாமல், நேராக. நம்மால் ஆனதை எல்லாம் செய்துவிட்டோம், ஆல்வி. அதற்குமேல் கடவுள் விட்ட வழி. அதை நினைத்துத் தைரியமாக இரு.

உன் அண்ணன்,
எமில்


வெஸ்லின்
அக்டோபர் 15

அன்புள்ள அண்ணா, அண்ணி,

கடிதமும் மலர்களும் கிடைத்தன. அடக்கம் நல்லபடி நடந்தது. சர்ச்சில் இடம் போதாமல் வெளியே நின்றார்கள்.

கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். பாதை நன்றாக இருக்கிறது.

ஆல்வினா


டூசான்
நவம்பர் 20

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உன் கடைசிக் கடிதம் அஞ்சலட்டையில் அடங்கிவிடும் போலிருந்தது. நீ அப்படி எழுதுகிறவள் இல்லை.

கட்டு பிரித்துவிட்டார்கள். இது என் கையெழுத்து, பார். ஓபல் முகத்தில் இவ்வளவு சுருக்கம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. சொல்லி அடி வாங்கினேன்.

அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும். முதல் குளிர்காலம், பாதையில் உப்பு மட்டும் போடாதே, மேல்தோல் உரிந்துவிடும். மணல் போடு.

இங்கே சர்ச்சில் எல்லோரிடமும் உன் பாதையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்த ஆம்புலன்ஸ் உன் வாசலில் வந்து நிற்பதை நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் தூங்கிவிடுகிறேன். நாலு வரியாவது எழுது.

எமில்


வெஸ்லின்
டிசம்பர் 11

அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். உப்புப் போடவில்லை.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரவில்லை.

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றதும் தாங்க முடியவில்லை. ஒன்பதாம் தேதி இங்கே கொட்டு கொட்டென்று மழை. லாரி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, பதினாறாம் தேதிதான் ஊற்றினோம். நல்ல நாள் அது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் வம்புக்கு இழுத்தார். டெல்மர் முட்டி போட்டு மட்டப்பலகை இழுத்தான். சாயங்காலம் வைக்கோலைப் பரப்பி மூடி, கயிறு கட்டிப் பலகையை மாட்டினோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆல்வி, கான்கிரீட் மேல ஏத்த வேண்டாம்னு சொல்லு. பசங்க பட்ட பாடு வீணாப் போயிடும்."

நான் வெளியே ஓடினேன். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். ஆனால் நான் தூக்குவதற்கு முன்னாலேயே டெல்மர் ரோட்டில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், நின்றுவிட்டிருந்தான். அவன் கையால் போட்டதாயிற்றே.

ஓரமாக நடந்து வந்தார்கள். தோண்டிப் போட்ட மண் மழையில் ஊறிக் களிமண்ணாகிக் கிடந்தது. கால் முட்டிவரை இறங்கியது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் சுற்றவில்லை. தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஒருவன் வழுக்கி விழுந்தான், இவரும் சாய்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் பாதை இருந்தது அண்ணா. ஒருத்தர்கூட அதில் கால் வைக்கவில்லை. வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை, எனக்கும்தான். ரோட்டோரத் தபால் பெட்டி பக்கத்தில் வரும்போதே மூச்சு நின்றுவிட்டது.

இப்போது டெல்மர் தினம் காலையில் வந்து பாதையில் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான். காபி குடிக்கக் கூப்பிட்டால் உள்ளே வருவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் நீ ஒருவன்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். மூன்றாம் நாள் அந்த வண்டி ஏறியிருந்தால் தாங்கியிருக்குமா?

ஆல்வினா


டூசான்
1979 ஜனவரி 29

என் அன்புத் தங்கச்சிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகூடச் சொல்லாமல் இவ்வளவு நாள் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். இடது கண்ணுக்கும் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஓபலுக்குச் சளி. அப்படியே நாள் ஓடிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். தாங்கியிருக்காது.

செப்டம்பர் மாதம், உங்கள் ஊரில் இரவில் குளிர். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். மழை பெய்து அடிமண் வேறு ஈரமாக இருந்திருக்கிறது. மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பச்சையாக இருக்கும். ஆம்புலன்ஸ் எடைக்கு முன்சக்கரம் உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார்கள். மார்ச் மாதத்தைவிட மோசமாகப் போயிருக்கும். டெல்மர் செய்தது சரி. நீ செய்தது சரி. மாப்பிள்ளை சொன்னதும் சரி. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. இந்த விஷயத்தில் நான் சொன்னால் நம்பலாம், நாற்பது வருஷம் இதையே செய்தவன்.

இனி இதைப் பற்றி நினைக்காதே. கோடையில் நாங்கள் வருகிறோம்.

உன் அண்ணன்,
எமில்


வெஸ்லின்
பிப்ரவரி 12

அண்ணா,

அண்ணிக்குச் சளி விட்டதா?

இறந்த மறுநாள், புதன்கிழமை காலை, நான் சவப்பெட்டி பார்க்க ஊருக்குள் போயிருந்தேன். வீட்டில் யாருமில்லை. குளிர்காலக் கணப்புக்குக் கேஸ் நிரப்ப லாரி வந்திருக்கிறது. பக்கத்து மாவட்டத்து ஆள், புது டிரைவர், நம் கதை அவனுக்கு என்ன தெரியும்? கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேராக வாசலுக்கு ஓட்டிவந்திருக்கிறான். தொட்டியை நிரப்பிவிட்டு, சதுரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ரசீதைக் கதவில் செருகியிருந்தான். வைக்கோலில் சக்கரத் தடம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த கருப்பு உடையோடு அப்படியே முட்டி போட்டு வைக்கோலைக் கையால் விலக்கிப் பார்த்தேன். முழுப் பாதையும் பார்த்தேன். ஒரு மயிரிழை விரிசல் இல்லை. நிறைந்த கேஸ் லாரி, அண்ணா. ஆம்புலன்ஸ் அதில் பாதிகூட இருக்காது.

வைக்கோலைப் பழையபடி பரப்பினேன். கயிற்றைத் திரும்பக் கட்டினேன். டெல்மருக்குத் தெரிந்தால் அவன் இனி அந்த வண்டியைத் தொட மாட்டான். இந்த ஊருக்கு வேறு டிரைவர் கிடையாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

உன்னிடம் கேட்டபோதே எனக்குப் பதில் தெரியும். தாங்கியிருக்கும் என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால், இது தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆகியிருப்போம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல இங்கே ஊரே இருக்கிறது, கேக்கும் சூப்புமாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீயும் என்னைத் தனியாக விட்டுவிட்டாய்.

ஆல்வினா


டூசான்
பிப்ரவரி 21

ஆல்வி,

தாங்கியிருக்கும்.

டிசம்பரில் உன் கடிதத்தைப் படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆறங்குலம், நல்ல சரளை, மூன்று நாள். ஆம்புலன்ஸ் ஏறி இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விரிசல் விட்டிருந்தால்தான் என்ன? பத்தடியை உடைத்துவிட்டு மறுபடி ஊற்றியிருக்கலாம். அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லையே. ஆளுநர் என்று வேடிக்கை எழுதத் தெரிந்தது, அவசரம் என்றால் ஏறுங்கள் என்று எழுதத் தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்காகவே போட்ட பாதை அது.

ஒரு மாதத்துக்குமேல் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கண் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது ஓபலுக்குக்கூடத் தெரியாது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஒரு வாரம், ஒரு வாரம் என்று சொல்லுவேன். நான் போட்ட பாதைகளில் இரண்டாம் நாளே என் சொந்த லாரியை ஏற்றியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. சுற்றிப் போனால் மதியச் சாப்பாடு ஆறிவிடுமே என்று. ஒன்றுமே ஆனதில்லை.

உன்னுடையதில் மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று ஆசைப்பட்டேன்.

எமில்